உயிரோடு இருப்பவர்களுக்கான சீட்டு

பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சிலிருந்து வந்த கடிதத்தை, லண்டன் மோர்டனில் தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே சிவரூபினி இரண்டு முறை வாசித்தாள். காணாமற்போனவர்கள் விடயத்தில் இலங்கை தானே அமைத்திருக்கும் அலுவலகத்தை நம்பும்படியும், இரு நாடுகளின் வணிக உறவு நன்றாக வளர்ந்துவருவதாகவும் எழுதியிருந்தது. கையெழுத்திட்டிருந்தவரை அவளுக்குத் தெரியும். எதிர்க்கட்சியில் இருந்தபோது வெஸ்ட் ஈலிங் கோயில் தேருக்கு வந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு அவள் கணவனின் படத்தைத் தூக்கிப் பிடித்து, சர்வதேச விசாரணை வரும்வரை ஓயமாட்டேன் என்றவர். அவர் வெல்லவேண்டுமென்று அவள் அர்ச்சனைகூடச் செய்தாள். பிறந்த நட்சத்திரம் தெரியாததால், தேர்தல் நாளின் நட்சத்திரத்தையே சொன்னாள். அவர் வென்றார். அமைச்சருமானார்.

அவளுடைய கணவன் யோகராஜா இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகலில் சரணடைந்து, இராணுவத்தின் பஸ்ஸில் ஏறியவன். ஜன்னலால் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள், அவன் வாங்கிக்கொண்டான். அதுதான் கடைசி. அந்த நாட்களில் பதுங்குகுழிக்குள், லண்டன் கவலை தெரிவித்திருப்பதாக ரேடியோ சொல்லும். கேட்டவர்கள் யாராவது காப்பாற்ற வருவார்கள் என்று நம்பினார்கள். மூன்று வருடம் கழித்து அவளே லண்டனுக்கு வந்தாள். அதன்பிறகு வந்த அரசுகளில் ஒன்று விசாரணை வேண்டும் என்றது, ஒன்று அவகாசம் கொடுப்போம் என்றது. இப்போது வணிகம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவள் அவன் படத்தை எடுத்துக்கொண்டு ஊர்வலம் போனாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை. இறந்தவர்களின் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை என்பதால், ஒரு வெள்ளியைத் தவறவிடவும் அவளுக்குப் பயம்.

அன்று பின்னேரமே தங்கையின் கணவன் நிருஜன் போன் எடுத்தான். ஊர்வலங்களை ஒழுங்குசெய்பவன் அவன்தான்.

"மச்சாள், ஞாயிறு தேருக்கு ஒரு எம்.பி. வாறார். படத்தைக் கொண்டு வாங்கோ."

"ஆர் அது?"

"முந்தி அமைச்சரா இருக்கேக்க, தங்களால ஏலாது எண்டு உங்களுக்குக் கடிதம் போட்டாரே, அவர்தான். இப்ப எதிர்க்கட்சி. இப்ப அவருக்கு எல்லாம் ஏலும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததற்காக வெட்கமாக இருந்தது.

மறுநாள் மருந்து வாங்கப் போனபோது கடைக்காரர் ஜம்புநாதன் கவுண்டருக்கு வெளியே வந்தார். கும்பகோணத்துக்காரர், மனைவியை இழந்தவர். தன்னைக் கலியாணம் செய்யச் சம்மதமா என்று இரண்டு தேர்தல்களுக்கு முன் முதல்முறை கேட்டார். புது அரசாங்கம் வந்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்கோ என்றாள். அடுத்த தேர்தல் முடிந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

"கடையைக் கைமாத்தியாச்சு. செப்டம்பர்ல ஊருக்குப் போறேன்" என்றார். "நீங்க சரின்னா போகல. அவசரப்படுத்துறேன்னு நெனைக்காதீங்க. எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு, இன்னும் எத்தனை எலெக்‌ஷன் பாக்கறது?"

அவள் மருந்துச்சீட்டை நீட்டினாள். அவர் இரத்த அழுத்த மாத்திரைப் பொதியில், வழமைபோல, காலை, இரவு என்று தமிழில் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேர் வீதி திரும்புமிடத்தில் அந்த எம்.பி. நின்றார். அவர் நெற்றியிலும் அதே திருநீறு. நிருஜன் அவளை முன்னால் விட்டான். படத்தின் பிளாஸ்டிக் உறை மூலையில் பிரிந்திருந்தது. உள்ளே யோகராஜா முப்பத்துநான்கு வயதில் அப்படியே இருந்தான். அவளுக்கு ஐம்பது. எம்.பி. படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். கண்கள் உண்மையாகவே கலங்கின. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகனை நான் மறக்கமாட்டேன் என்றார் ஆங்கிலத்தில்.

நிருஜன் வாயைத் திறந்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கமராக்காரன் இன்னும் கொஞ்சம் கிட்ட நிற்கச் சொன்னான். நின்றாள்.

பிறகு படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அர்ச்சனைச் சீட்டு வரிசைக்குப் போனாள். சீட்டு எழுதுகிற மாதங்கி அவளைக் கண்டதும் கேட்காமலே எழுதினாள்: யோகராஜா, உத்திரட்டாதி.

"இன்னொண்டு எழுதும், பிள்ளை" என்றாள் சிவரூபினி.

"பேர் சொல்லுங்கோ, அன்ரி."

"ஜம்புநாதன்."

மாதங்கி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். "நட்சத்திரம்?"

அவளுக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாக அந்த மனிதரிடம் அதைக் கேட்டதேயில்லை. படத்தை மேசைக்காலில், முகம் உட்பக்கம் பார்க்கச் சாய்த்துவைத்துவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்து அவருடைய எண்ணை அழுத்தினாள்.

"அப்ப இது?" முதல் சீட்டை நீட்டியபடி மாதங்கி கேட்டாள். "இதுவும் வேணும்தானே, அன்ரி?"

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வெளியே தேர் நகர, மேளச் சத்தத்தில் மேசை அதிர்ந்தது. மாதங்கியின் கையில் அந்தச் சீட்டு நீட்டியபடியே இருந்தது.