போக்குவாவின் பேசினில் உருகும் ஐஸ்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தாகத்திலிருந்து கிடைத்தது. யாருடைய தாகம் என்று இப்போதே சொல்லிவிட்டால் மேற்கொண்டு நல்லவனாக நடிக்க முடியாது. கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன்.

முதல் தொடக்கம்: "குமாசி மைதானத்தின் மேல் வெயில் கொளுத்திக்கொண்டிரு—"

வேண்டாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊரான குமாசியில் வெயில் கொளுத்துவது ஒரு செய்தியா?

இரண்டாவது: "பிளாஸ்டிக் என்னும் அரக்கன்—" சே. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி.

மூன்றாவது: போக்குவா அலுமினியப் பேசினைத் தலையில் ஏற்றினாள்.

இது போதும். இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

போக்குவாவுக்கு நாற்பத்தொரு வயது. பிளாஸ்டிக் பையில் அடைத்த குடிதண்ணீர் விற்பவள். அந்தப் பையின் மூலையை நாங்கள் பல்லால் கடித்து, உறிஞ்சி, காலடியில் போட்டுவிட்டு, கோல் விழுந்ததா என்று பார்ப்போம். நாங்கள் என்றால் நானும்தான். பதினெட்டு வருடமாக இந்த ஊரில் அப்படித்தான் குடிக்கிறேன்.

பதினைந்து வருடம் அவள் மைதானத்து வாசலில், வேன்களின் புகையில் நின்று விற்றாள். இந்தக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்குத்தான் உள்ளே விட்டார்கள். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பிளாஸ்டிக் கொண்டுவரக் கூடாது; பதிலாக மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்த பை. மண்ணில் போட்டால் ஆறு வாரத்தில் மக்கிவிடும். அடோமாகோ என்ற இளம் எஞ்சினியர் மூன்று வருடம் முட்டி மோதிச் செய்தது. விற்பதற்கு இருபது பெண்கள், இருபது பச்சை ஏப்ரன்கள். ஒருத்தியிடம் ஒரு பிளாஸ்டிக் பை கிடைத்தாலும் இருபது பேரும் மறுபடி வாசலுக்கு வெளியேதான்.

[இங்கே ஒரு தயக்கம். போக்குவாவின் வீடு மைதானத்துக்குக் கீழே, சாக்கடை ஓரத்தில் இருக்கிறது. பெரிய ஆட்டம் நடந்தால் பைகள் போய்ச் சாக்கடையை அடைக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் அவள் அறைக்குள் வரும். போன ஜூனில் மெத்தையும் அரை மூட்டை அரிசியும் போயின. அடைத்த பைகளில் தான் விற்றவையும் உண்டு என்று அவளுக்குத் தெரியும். இதை எழுதினால் பிரச்சாரம், எழுதாவிட்டால் பொய். இருந்துவிட்டுப் போகட்டும்.]

3

சூடான தண்ணீரைக் குமாசியில் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆகவே இருபது பெண்களும் தினமும் செய்வதையே செய்தார்கள். ஐஸ் கட்டியை உடைத்துப் பேசினில் கொட்டி, அதன்மேல் பைகளை அடுக்கி, சும்மாட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு படியேறினார்கள்.

அடோமாகோ பையின் உள்பக்கம் தேன்மெழுகு பூசியிருந்தான். தண்ணீர் உள்ளேதானே இருக்கும்? வெளியிலிருந்தும் படும் என்று அவனுடைய சோதனைச் சாலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே யாரும் பேசின் சுமந்ததில்லை.

ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில் போக்குவாவின் சும்மாடு நனைந்தது. பிறகு கழுத்து. கரைந்த பை வெள்ளையாக, கொழகொழவென்று முதுகில் இறங்கியது.

"அக்கா, தண்ணி விக்கிறீங்களா, கஞ்சி விக்கிறீங்களா?"

"சக்கர இருக்காக்கா?"

"சக்கரைய உன் மாமியார் வீட்ல போய்க் கேளு!" என்றாள் போக்குவா. வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

4

அடோமாகோவை முதலில் வில்லனாக எழுதினேன். கறுப்புக் கண்ணாடி, கையில் இரண்டு போன். அடித்துவிட்டேன். உண்மையில் அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிவந்தான்.

"அக்கா, ஐஸா போட்டீங்க?"

"பின்ன நெருப்பா போடுவாங்க?"

"ஐயோ, வெளிப்பக்கம் ஈரமே படக்கூடாதுக்கா."

"அத இந்த மூணு வருஷத்துல ஒரு தடவ எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல தம்பி? உன் மூணு வருஷம் இப்ப என் முதுகுல ஒழுகுது பாரு."

அவன் தோள்பையிலிருந்து தண்ணீர் அடைத்த பத்துப் பைகளை எடுத்தான். பெரிய மனிதர்களுக்குக் காட்ட வைத்திருந்தவை, காய்ந்திருந்தன.

"இத வித்துடுங்கக்கா. சூடாத்தான் இருக்கும். பத்து பேர் குடிச்சாங்கன்னா அத வச்சு இன்னொரு வாய்ப்பு கேப்பேன். இல்லன்னா இன்னியோட முடிஞ்சுது."

அவன் கண் கலங்கியதை எழுதலாமா என்று யோசித்தேன். கலங்கியது. எழுதிவிட்டேன்.

5

இடைவேளை. வெளியே விற்கும் தோழி ஃபோஸ்துவா வேலிக் கம்பி வழியாகக் கூப்பிட்டாள்.

"கைய நீட்டுடி." ஜில்லென்ற பத்து பிளாஸ்டிக் பைகள்.

"வேணாம்டி. பத்தொம்பது பேர் பொழப்பு இருக்கு இதுல."

"அந்தப் பத்தொம்பது பேரும் வாங்கிட்டுப் போயாச்சு. நீ ஒருத்திதான் யோக்கியம்."*

போக்குவா வாங்கி, ஏப்ரனுக்குள் இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். விற்கத்தானா என்று அவளுக்கே அப்போது தெரியாது. இந்த இடத்தில் அவள் மனதுக்குள் புகுந்து நாலு வரி எழுதினேன். எல்லாம் என் மனசு மாதிரியே இருந்ததால் எடுத்துவிட்டேன்.

*ஃபோஸ்துவா சொன்னது உண்மையா பொய்யா? எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?

6

முப்பத்தேழாவது வரிசையிலிருந்து ஒருவன் "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றான். விற்பவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

அவள் வந்தாள். கஞ்சியைக் கொட்ட இடமில்லாமல் பேசின் இன்னும் தலையில் இருந்தது. முட்டியை மடக்கிக் குனிந்தாள்.

"இந்தப் பை நல்லதுண்ணே, சாக்கடைய அடைக்காது. ஆனா சூடு." குரலைத் தாழ்த்தினாள். "ஜில்லுனும் இருக்கு. மெதுவாச் சொல்லுங்க."

ஸ்ஸ்ஸ்ஸ் என்றது நான்தான்.

அந்த ஆள் சூடான தண்ணீரை வாங்குவதாக ஒரு முடிவு எழுதினேன். பக்கத்தில் இருந்தவர்களும் வாங்கினார்கள், பத்தும் தீர்ந்தது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் கிழித்தேன், ஏனென்றால் நான் அப்படிச் சொல்லவில்லை. "ஜில்லுனு" என்றேன். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

மூலையைக் கடித்தேன். அதே நேரம் கோல் விழுந்தது, எழுந்து கத்தினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. கண்காணிப்பாளர் பார்த்துவிட்டாரா, இருபது ஏப்ரன்களும் போயினவா, நான் காலடியில் போட்ட பை அடுத்த மழையில் எந்த அறைக்குள் தண்ணீரை ஏற்றியது — ஒன்றும் தெரியாது. கேட்கவும் போகவில்லை. பயம்.

ஆகையால் மன்னியுங்கள், முப்பத்தேழாவது வரிசையில் உங்களை உட்காரவைக்கிறேன். மூன்று மணி நேரமாக வெயில். உங்கள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் முன்னால் குனிந்து நிற்கிறாள். வலது கையில் சூடான பை. இடது கை ஏப்ரனுக்குள் இருக்கிறது.

"சீக்கிரம் சொல்லுங்க," என்கிறாள். "கழுத்து வலிக்குது."