பிம்லாட்டின் நாற்பத்தோரு நாள்

பிம்லாட்டைப் பார்த்ததும் டாலிமோர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐம்பத்தாறு வருடமாகப் பழைய மாணவர் விருந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆள், இன்றைக்கென்று பார்த்து ஆல்டர்கோம்ப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிற்கிறான். பள்ளிக்கூடத்து டை கட்டியிருந்தான். மழைக்கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தான். உடம்பு சுருங்கி முடியெல்லாம் கொட்டிவிட்டது, ஆனால் அந்தக் காதுகளை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

எழுபதைத் தொட்டவர்களை அவன் இவன் என்கிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். டாலிமோர் முப்பது வருடம் நீதிபதியாக இருந்தவன்தான், வெளியில் அவனுக்கு எழுந்து நிற்காதவர் கிடையாது. ஆனால் இந்தக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் எல்லோருக்கும் பதிமூன்று வயதுதான். ஆன்ஸ்டிக்கு மட்டும் பதினேழு. அவன் அப்போது விடுதிச் சட்டாம்பிள்ளை. இப்போதும் அவன்தான் சட்டாம்பிள்ளை, யார் இல்லையென்று சொல்ல முடியும்?

காலையில் தேவாலயத்தில் அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். மூன்றே பெயர். கடைசிப் பெயர் விக்கரி. குண்டு விக்கரி, ஆஸ்துமாக்காரன், ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவன். டாலிமோர் அவனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெயர்கள் அச்சடித்த தாள் இன்னும் அவன் தட்டுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் அன்றைக்குப் போட்ட அதே ருசியில் வரும். அதைத் தின்று முடித்ததும் ஒவ்வொருவனாக எழுந்து ஒரு பழைய நினைவைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம். நேரம் முடிந்தால் ஆன்ஸ்டி வெண்கலத் தட்டில் ஓங்கி ஒரு அடி அடிப்பான். இந்த வருடம் பள்ளியின் நூற்றைம்பதாவது ஆண்டு. எல்லா நினைவுகளையும் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் ஓட்வே, ஐம்பத்தைந்து வயதுக்காரி, ஒலிப்பதிவுக் கருவியும் நோட்டுமாக ஆன்ஸ்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் கதை ஆன்ஸ்டியுடையது. வருடா வருடம் ஒரே கதை. பிம்லாட் எதிரே உட்கார்ந்திருக்கிறானே, இந்த ஒரு தடவையாவது வேறு கதை சொல்லுவோம் என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. அவனைப் பார்த்ததும் இன்னும் குஷியாகிவிட்டான்.

"அறுபத்தொண்ணு, அக்டோபர் மாசம். நானும் மூணு பேரும் ராத்திரி ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சு, ஊருக்குள்ள போய் பீர் அடிச்சுட்டுத் திரும்பி வர்றோம். ஜன்னல்ல யாரு நிக்கறா? வார்டன் கிரிம்ஸ்டன்! கையில பிரம்பு! ஆளுக்கு ஆறு அடி. ஒரு வாரம் நின்னுக்கிட்டே சாப்பிட்டோம்யா!"

கூடம் சிரித்தது.

"எவனோ போட்டுக் கொடுத்துட்டான். எவன்னு விசாரிச்சா, அன்னிக்கு மத்தியானம் வார்டன் ரூம்லேர்ந்து மூக்கைச் சிந்திக்கிட்டு வெளிய வந்தது யாரு?"

"பிம்லாட்!" என்று இருபது கிழவர்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அப்புறம்?"

"நாப்பத்தோரு நாள் கவென்ட்ரி!"

கவென்ட்ரி என்ற ஊருக்கு அனுப்புவது என்றால் யாரும் எங்கேயும் போவதில்லை. ஒருவனும் அவனோடு பேசக் கூடாது, அவ்வளவுதான். உப்பைக் கேட்டால் நகர்த்தக் கூடாது. அவன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இல்லாதவன். பிரம்படி ஒரு வாரத்தில் ஆறிவிடும். இது அப்படியா ஆறும்?

"இருபதாம் நாள் என்ன ஆச்சு தெரியுமா? நடையில இருக்கற வெந்நீர்க் குழாய்கிட்டப் பேச ஆரம்பிச்சுட்டான்! 'குட் மார்னிங் குழாயே, நல்லாத் தூங்கினியா'ன்னு!"

கூடம் கைகொட்டிச் சிரித்தது. ஒருவனுக்குப் புரையேறிற்று. பிம்லாட் தலையைத் தூக்காமல் இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தான், ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

இந்தக் கதையில் ஆன்ஸ்டி சொல்லாதது இரண்டு. அன்று மத்தியானம் வார்டன் பிம்லாட்டைக் கூப்பிட்டது, அவன் அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று சொல்வதற்கு. பன்னிரண்டாம் நாள் அந்த அம்மா செத்துப்போனாள். தேர்வு நேரம், பையன் மனசு கலையும் என்று அடக்கத்துக்குக்கூட அனுப்பவில்லை. அம்மா செத்த அன்றும் அவனோடு ஒரு பயல் பேசவில்லை. சட்டம் சட்டம்தானே!

இதாவது ஆன்ஸ்டிக்குத் தெரிந்து அவன் விட்டுவிட்டது. அவனுக்கே தெரியாதது இன்னொன்று உண்டு. போட்டுக் கொடுத்தவன் டாலிமோர். அன்று காலையில் கிரிம்ஸ்டன் அவனைக் கூப்பிட்டு, ஒரு கோப்பை கோகோ கொடுத்து, "என்னப்பா, முகமே சரியில்லையே" என்று கேட்டார். வீட்டை விட்டு வந்த ஆறு வாரத்தில் அவனிடம் கனிவாகப் பேசிய முதல் ஆள் அவர்தான். கோகோ தீர்வதற்குள், பெரிய பையன்கள் அன்று ராத்திரி ஜன்னல் வழியாகக் குதிக்கப்போவது உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. பழி பிம்லாட் தலையில் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாள் திறக்கலாம் என்று நினைத்தான். நாற்பத்தோரு நாளும் அப்படியே நினைத்தான்.

ஆன்ஸ்டி கதை முடிந்ததும் ஒரு சின்ன இடைவேளை. கிழவர்களுக்கு முட்டிக்கொண்டு வருமே! டாலிமோர் கழிப்பறையிலிருந்து திரும்பும்போது நடையில் பிம்லாட் நின்றிருந்தான். முதுகு அந்த வெந்நீர்க் குழாயில் சாய்ந்திருந்தது.

"டாலிமோர்."

"அடடே, பிம்லாட்! எப்பிடியிருக்கே? உன்னை இங்க பாக்கறதுல எனக்கு ரொம்ப..."

"உங்கம்மா செஞ்ச கேக்கு நல்லா இருந்துச்சு."

"எந்தக் கேக்கு?"

"சோம்பு போட்டது. எங்கம்மா செத்த அன்னிக்கு என் தலகாணிக்கு அடியில இருந்துச்சு. கைக்குட்டையில சுத்தி வச்சிருந்தே. இந்த ஸ்கூல்லயே சோம்பு போட்ட கேக்கு உங்க வீட்டுலேர்ந்து மட்டுந்தான் வரும்."

டாலிமோர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"மத்தவங்க எல்லாம் நான்தான்னு நம்பினாங்க," என்றான் பிம்லாட். "நம்பினவன் எவனாவது எனக்குக் கேக்கு வைப்பானா? நான் இல்லைன்னு தெரிஞ்சவன்தான் வைப்பான். அது எவனுக்குத் தெரியும்? செஞ்சவனுக்குத்தான் தெரியும்."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

பிம்லாட் அவனை நிஜமாகவே ஆச்சரியத்தோடு பார்த்தான். "சொல்றதா? போட்டுக் கொடுக்கச் சொல்றியா?"

டாலிமோர் தரையைப் பார்த்தான்.

"மீதி இருந்த இருபத்தொன்பது நாளும் நீ வந்து பேசுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றான் பிம்லாட். "மத்தவன் பேசாதது எனக்குப் பெருசா வலிக்கல. அதை விடு. சிரிச்சுட்டுப் போங்கடான்னுதான் இத்தனை வருஷம் வராம இருந்தேன். இப்ப அச்சுல போடறாங்களாமே. என் மக பக்கத்து ஊர்லதான் இருக்கா, அவ கையில இந்தப் புத்தகம் போகும். உன் ரெண்டு நிமிஷத்துல 'பிம்லாட் இல்லை, நான்தான்'னு சொல்லிடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

டாலிமோரின் கண்ணில் நீர் தளும்பிற்று. அது பொய்க் கண்ணீர் இல்லை. பிம்லாட்டின் கையைப் பிடித்தான். "சொல்றேன். சத்தியமா சொல்றேன்டா."

திரும்பவும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவன், சட்டாம்பிள்ளை வருவதற்கு முன் சின்னப் பையன்கள் கழிப்பறைப் பலகையில் உட்கார்ந்து சூடாக்கி வைக்க வேண்டியதைச் சொன்னான். தன்னுடைய பின்பக்கம்தான் விடுதியிலேயே சூடானது என்று ஆன்ஸ்டி பாராட்டியதை, பட்டம் வாங்கியவன்போலப் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். கூடம் மேசையைத் தட்டிற்று. வெண்கலத் தட்டு அதிர்ந்தது.

"அடுத்து, கனம் நீதிபதி அவர்கள்!" என்றான் ஆன்ஸ்டி.

டாலிமோர் எழுந்தான். "பிம்லாட் விஷயமா ஒண்ணு சொல்லணும். அன்னிக்குப் போட்டுக் கொடுத்தது பிம்லாட் இல்லை."

பிம்லாட் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான்.

"என்னது?" ஆன்ஸ்டியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "பின்ன எவன்டா?"

இருபது முகங்களும் டாலிமோர் பக்கம் திரும்பின. இந்த முகங்களை அவனுக்குத் தெரியும். பிம்லாட் தட்டை ஏந்திக்கொண்டு பெஞ்ச் பெஞ்சாக இடம் தேடி நடந்தபோது திரும்பின அதே முகங்கள். நான்தான் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கடவுளே, வந்தேவிட்டது. கண் மட்டும் ஒரு நொடி கீழே இறங்கித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த தாளைப் பார்த்துவிட்டது.

"விக்கரி," என்றான் டாலிமோர்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு ஓடிற்று. ஆரம்பித்துவிட்ட பிறகு அவனுக்கு வாய் சரளமாக வந்தது. "போன வருஷம் ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். சாகறதுக்குள்ள யார்கிட்டயாவது சொல்லிடணும்னு இருந்தேன்டா, அப்பிடின்னான்."

"குண்டு விக்கரியா! அடப்பாவி!" என்றான் ஒருவன்.

ஆன்ஸ்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு பிம்லாட்டிடம் வந்து, அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்டினான். "மன்னிச்சுக்கடா, பிம்லாட். தப்பு நடந்துபோச்சு." கூடம் எழுந்து நின்று கைதட்டிற்று. மிஸஸ் ஓட்வே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. பெயர் துடைத்தாயிற்று, சட்டாம்பிள்ளையே மன்னிப்புக் கேட்டாயிற்று, அதுவும் பதிவாகிவிட்டது. அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டியதுதான் பாக்கி. குலுக்கித் தொலையேன்டா என்று டாலிமோர் உள்ளுக்குள் கெஞ்சினான்.

பிம்லாட் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

"விக்கரி இல்லை," என்றான்.

கைதட்டல் அங்கங்கே நின்றது.

"என்ன சொல்றே?"

"செத்தவன் மேல பழி போடாதீங்க. அவன் இல்லை."

"அப்ப யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லு!"

பிம்லாட் டாலிமோரைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பதிமூன்று வயதில் எதிர்ப் பெஞ்சிலிருந்து பார்த்த மாதிரி, இப்போதாவது பேசுவாயா என்றுதான் பார்த்தான். டாலிமோர் தன் தட்டில் உறைந்துபோயிருந்த குழம்பைப் பார்த்தான்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றான் பிம்லாட். "நான் அந்த மாதிரி ஆள் இல்லை."

மழைக்கோட்டை எடுத்துக்கொண்டான். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. ஒருவனும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நீட்டின கையை ஆன்ஸ்டி கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினான். "பாத்தீங்களாய்யா? செத்துப்போனவன் மேல பழி விழுந்ததும் மனசாட்சி குத்துது. வேற எவன் பேரும் வாயில வரல. வருமா? அவனேதான்!"

"ஆமாமா, அவனேதான்," என்றார்கள் நாலைந்து பேர்.

"போற வழியில குழாய்கிட்டச் சொல்லிட்டுப் போவான்!" என்றான் கடைசியில் இருந்தவன். கூடம் முன்னைவிடப் பலமாகச் சிரித்தது.

மிஸஸ் ஓட்வே நோட்டைத் தூக்கிக்கொண்டு டாலிமோரிடம் வந்து குனிந்தாள். "சார், எனக்கு ஒண்ணும் புரியல. புத்தகத்துல எப்பிடிப் போடறது? விக்கரின்னு போடறதா?"

"வேண்டாம்மா. பாவம், அவன் பேர் எதுக்கு," என்றான் டாலிமோர். "எனக்குத்தான் ஏதோ ஞாபகப் பிசகு. ஆன்ஸ்டி சொன்ன மாதிரி, பழையபடியே போட்டுடுங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.