ரோஜா மூக்கு

வெயில் ஏறுவதற்குள் மூக்குக்குக் கிரீம் பூசிவிட வேண்டும். மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். சம்பூர்ணம் டியூபைப் பிதுக்கிக் கட்டைவிரலில் எடுத்து, பல்லவனின் மூக்கில் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். ரோஜா நிற மூக்கு அது. வெயில் பட்டால் தோல் உரிந்து புண்ணாகும். புண் ஆறினால் கறுக்கும். கறுத்துப்போனால் நாய்க்கு மதிப்பு போய்விடும். சம்பூர்ணத்தின் மூக்கு பிறந்ததிலிருந்தே கறுப்பு. அதற்கு எதையாவது பூசு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"ஆடாத நில்லுடா, மகாராஜா" என்றாள். அதன் காதில் விழாது என்று தெரிந்தும் அவள் பேசாமல் இருந்ததில்லை.

பல்லவன் ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, பொன் நிறக் கண், வளைந்த வால். சென்னையில் நடந்த நாய்க் கண்காட்சியில் கோப்பை வாங்கியது. பல்லைத் திறந்து பார்த்தார்கள், வாலைத் தூக்கிப் பார்த்தார்கள், உயரம் அளந்தார்கள். பின்னால் நின்று ஒருத்தரும் கை தட்டிப் பார்க்கவில்லை. பிறவியிலேயே அதற்குக் காது கேட்காது.

புதுப்பட்டினத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த அந்தப் பண்ணை கலையரசனுடையது. அவர் ஊரப்பாக்கத்தில் மனை விற்கிறவர். இந்த வெள்ளைக்கும் இந்த மூக்குக்கும் ஆசைப்பட்டே இணை சேர்த்தால் பல குட்டிகள் செவிடாகத்தான் பிறக்கும் என்று கால்நடை டாக்டர் சொன்னபோது அவர் சிரித்தார். ராஜபாளையம் நாயின் அங்க லட்சணங்கள் அவருடைய செல்போனில் வரிசையாக இருந்தன.

"காது எப்பிடி மடிஞ்சு தொங்கணும்னு போட்டுக்கீது டாக்டர். கேக்கணும்னு எங்கனா போட்டுக்கீதா?"

டாக்டர் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். கலையரசன் சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினார். "வர்றவங்களுக்குத் தெரியாத மாதிரி பழக்கிடு. இந்த நாய் கீற வரைக்கும்தான் உங்களுக்கு இங்க வூடு."

அவள் பழக்கினாள். மணலின் சூடு படாமலிருக்க நாய்க்கென்று போட்ட பலகை மேடையிலேயே அது பகலெல்லாம் படுத்துக் கிடக்கும். சம்பூர்ணம் அலுமினியத் தட்டைத் தட்டுவாள். அதே நேரத்தில் அவள் புருஷன் எல்லப்பன் மேடையின் மறுகோடியில் நின்று குதிகாலால் பலகையை ஓர் இடி இடிப்பான். அதிர்வு பட்டதும் நாய் துள்ளி எழுந்து திரும்பும். வந்தவர்கள் தட்டைப் பார்ப்பார்கள், நாயைப் பார்ப்பார்கள், எல்லப்பனின் காலை எவன் பார்க்கப்போகிறான்? தட்டுச் சத்தம் கேட்டாலே கால் தானாக இறங்கும் அளவுக்கு அவனுக்கும் பழகிப்போயிற்று.

மூக்கில் கரும்புள்ளி விழுந்த குட்டிகளை யார் கண்ணிலும் படாமல் கோணியில் போட்டு, புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவதும் எல்லப்பன் வேலைதான். லாயக்கில்லாத அந்தக் குட்டிகள் மீன் தலையைத் தின்று வளர்ந்து நிற்கின்றன. அவன் சைக்கிள் தெரு முனையில் கடகடத்தாலே காதைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். பண்ணையில் மிஞ்சியதெல்லாம் ரோஜா மூக்கு.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கிணற்று மோட்டார் களவு போனது. முதலாளி வீட்டில் சீமந்தம், பாத்திரம் தேய்க்க வா என்று சொல்லி சம்பூர்ணத்தை ஊரப்பாக்கத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லப்பனையும் கலையரசனே போன் செய்து, நாய்க்கு ஈரல் வாங்கப் புதுப்பட்டினம் போகச் சொன்னார். ஆள் இல்லாமல் எப்படி விட்டுப் போவது என்று கேட்டதற்கு, "அதான் நாய் கீதே" என்றார். எல்லப்பன் ஈரலோடு திரும்பி வந்தபோது வேலி வெட்டிக் கிடந்தது. மோட்டாரைக் கோணியில் வைத்து மணலில் இழுத்துப் போன தடம் பல்லவனின் மேடை வரைக்கும் வந்து, அதை மரியாதையாக ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, தோப்புக்குள் போயிருந்தது. பல்லவன் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கலையரசன் பெரிதாகக் கோபப்படவில்லை. "போனா போவுது எல்லப்பா. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா இன்ஷூரன்ஸ் வந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை விசாரிக்க ஏட்டு வந்தார். அவர் வந்த நேரத்துக்கு அணுபுரத்திலிருந்து ராமானுஜமும் அவர் மனைவி சியாமளாவும் காரில் வந்து இறங்கினார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிற மனுஷர். புது வீட்டுக் காவலுக்குக் குட்டி வேண்டும். குட்டியின் அப்பனைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்திருந்தார்கள்.

"வெளிநாட்டு நாயெல்லாம் நமக்கெதுக்கு? நம்ம மண்ணோட நாய்னா அதோட கம்பீரமே தனி" என்றபடி ராமானுஜம் பல்லவனைச் சுற்றி வந்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவர் போல வாலைத் தொட்டுப் பார்த்தார், பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். சியாமளா மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்ததும் பல்லவன் மறுபடி படுத்துக்கொண்டது.

அப்போதுதான் மணலில் கிடந்த தடம் ராமானுஜத்தின் கண்ணில் பட்டது. ஏட்டு விஷயத்தைச் சொன்னார்.

"இவ்வளவு பெரிய நாய் இங்கேயே இருந்திருக்கு. திருடன் எப்படி சார் இவ்வளவு பக்கத்துல வந்தான்?" என்று ராமானுஜம் கேட்டார்.

கலையரசன் தடத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு எல்லப்பனைப் பார்த்தார்.

"வெளியாளு கால வெச்சிருந்தா கொதறிப் போட்டிருக்கும் சார். தெரிஞ்ச ஆளுன்னாதான் இது சும்மா கெடக்கும்."

"கரெக்டு" என்றார் ஏட்டு. வந்த வேலை இத்தனை சீக்கிரம் முடியும் என்று அவரே நினைத்திருக்கமாட்டார். "தெரிஞ்ச ஆளுன்னா, இவன்தான?"

"சார், நீங்கதான போன் பண்ணி ஈரல் வாங்கிகினு வரச் சொன்னீங்க?" என்றான் எல்லப்பன். கலையரசன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

சம்பூர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு போனால் போகட்டும்.

"அந்த நாயிக்குக் காது கேக்காது சார். பொறந்ததுலேர்ந்து செவுடு. இவருக்கும் தெரியும்."

சியாமளா புருஷனைப் பார்த்தாள். கலையரசன் சிரித்தார். "புருஷனக் காப்பாத்த நாயச் செவுடாக்கறா பாருங்க."

"செவிடா இல்லையான்னு கூப்பிட்டுப் பார்த்தா தெரிஞ்சிடுமே" என்றாள் சியாமளா.

"பாருங்கம்மா. நல்லா பாருங்க." சம்பூர்ணம் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நாயின் முதுகுப் பக்கம் போய் நின்றாள். அது அசையப்போவதில்லை. இத்தனை நாள் ஊரை ஏய்த்த வித்தை இன்றைக்கு எல்லோர் முன்னாலும் உடையப்போகிறது. அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் கூட வந்தது. எல்லோரும் தள்ளி நின்றார்கள். எல்லப்பனும் தள்ளிப் போய், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றான். அவன் எங்கே நிற்கிறான் என்று அவள் பார்க்கவில்லை.

ஓங்கித் தட்டினாள்.

எல்லப்பனின் குதிகால் பலகையில் இறங்கியது. பல்லவன் துள்ளி எழுந்து வாலை வளைத்துக்கொண்டு நின்றது.

எல்லப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தான். வேறு யாருடைய காலோ அங்கே முளைத்திருப்பதுபோலப் பார்த்தான். சம்பூர்ணத்துக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"இந்தாளு கால ஒதைச்சாரு சார். அதான் எந்திரிச்சுது. அவர அந்தாண்ட நிறுத்திட்டு இன்னொரு தபா தட்டறேன், பாருங்க."

"போதும்மா" என்றார் ராமானுஜம். அவர் முகம் தெளிந்துவிட்டது. "நாயைப் போட்டு எதுக்கு வதைக்கறே? அதான் எழுந்துடுச்சே."

சியாமளா மட்டும் பலகையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து பல்லவனின் மூக்கைத் தொட்டாள். "என்ன கலர்ங்க இது" என்றாள்.

ஏட்டு எல்லப்பனின் தோளில் கை போட்டார். "வா. விசாரிச்சிட்டு அனுப்பிடறேன்."

"நான் வந்துடுவேன் சம்பூர்ணம்" என்றான் எல்லப்பன். அவளும் கூடப் போகக் கிளம்பினாள்.

"நீ எங்க போற?" என்றார் கலையரசன். "இவங்க குட்டி பாக்கணும், கொட்டாயத் தொற. வெயில் ஏறிடுச்சு பாரு, அது மூக்குக்கு இன்னொரு தபா கிரீம் போடு." ராமானுஜம் காதுபடக் கத்த முடியாமல், அவள் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார். "இன்னும் ஒரு வார்த்த பேசுன, அவன் வெளிய வர மாட்டான்."

அவள் கொட்டகையைத் திறந்தாள். வலைக்குப் பின்னால் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தூங்கிக்கொண்டிருந்தன. டியூபைப் பிதுக்கிக் கட்டைவிரலில் எடுத்தாள்.

வெளியே ஏட்டு வண்டியை உதைத்தார். சைலன்சர் ஓட்டை. வண்டி படபடவென்று வெடித்துக் கிளம்பிய சத்தத்தில் குட்டிகள் அலறி எழுந்து, வலையில் முட்டிக்கொண்டு குரைத்தன. ஒன்று மட்டும் எழவில்லை. மல்லாந்து படுத்து, பட்டுப் போன்ற ரோஜா மூக்கைக் காட்டிக்கொண்டு தூங்கியது. சியாமளா அதைத்தான் கையில் எடுத்தாள்.

"இவ்வளவு சத்தத்துக்கும் பயப்படவே இல்லைங்க. எவ்வளவு தைரியம் பாருங்க."

"அப்பன மாதிரியே மேடம்" என்றார் கலையரசன்.

வண்டிச் சத்தம் சவுக்குத் தோப்பைத் தாண்டிச் சாலையில் ஏறித் தேயும் வரைக்கும் சம்பூர்ணம் கேட்டுக்கொண்டு நின்றாள். கட்டைவிரலில் எடுத்த கிரீம் அப்படியே இருந்தது.