சுரங்கத்துக்குள் போகிற பெண்

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிற பையன்கள் பெண்ணையா பார்க்கிறார்கள்? கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள். என் தங்கை மகன் டெஸ்மண்டும் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் பெண் வீட்டு சோபாவில் குனிந்தபடியே இருந்தான். பக்கத்தில் அவன் அம்மா பிலோமினம்மாள், அவளுக்குப் பக்கத்தில் நான். எதிரே பெதானி. பூமிக்கடியில் சுரங்கம் தோண்டுகிற இடத்தில் இன்ஜினியர். அவளும் இவனும் பழகி, ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், உறுதி பேசத்தான் வந்திருந்தோம்.

அவள் அந்தச் சுரங்க வேலையை விட்டால்தான் கல்யாணம் என்று நான் சொல்லவேண்டும். கசப்பான பேச்சையெல்லாம் தாய்மாமன் வாயால் சொல்லவைப்பது எங்கள் வழக்கம். தாய் கடைசிவரை நல்லவளாகவே இருந்துகொள்ளலாம் அல்லவா?

பிலோமினம்மாள் என் தொடையைக் கிள்ளினாள். "கேளுங்கண்ணே."

எனக்குத் தெரியவேண்டியதைக் கேட்டேன். "அந்தப் பாறை விழுமாம்மா?"

"விழும் அங்கிள். அதனாலதான் நான் போறேன். எங்க பாறை ரொம்ப வீக். வெடி வச்சுத் தோண்டினதும் உதிர ஆரம்பிச்சிடும். உடனே மெஷின்ல கான்கிரீட்டப் பீச்சி அடிச்சு, நீளக் கம்பிய உள்ள இறக்கணும். அது இறுகி, நான் செக் பண்ணி ஓகே சொன்னாத்தான் ஆம்பளைங்களே அதுக்குக் கீழ போவாங்க."

"மேல பாத்து அடிச்சா சிமெண்ட் ஒட்டுமா?"

"ஒட்டும் லா."

நான் நம்பவில்லை. போன மாதம்தான் என் குளியலறைக் கூரைப் பூச்சு, சோப்புப் போட்டுக்கொண்டிருந்த என் தலையில் விழுந்தது. பூசினவனும் ஒட்டும் என்றுதான் சொன்னான்.

பிலோமினம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பொம்பள உள்ள போனா பாறை இறங்கிடும்னு சொல்றாங்களே?"

"எங்க சைட்லயும் சொல்றாங்க ஆன்ட்டி. ஆனா வாசல்ல, சுரங்கத்துக்குக் காவல்னு புனித பார்பரம்மாள் சிலைய வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் உள்ளயே போறாங்க. அவங்க பொம்பளதானே?"

"அவங்க வாசல்லதானம்மா நிக்கிறாங்க. உள்ள போகலையே!"

பெதானி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. தேநீர்த் தட்டும் கையுமாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி தங்கையின் கிள்ளல்.

"வேலைய விட்டாத்தான் கல்யாணமாம்மா. இவ சொல்லச் சொன்னா. எனக்கு இதுல ஒண்ணுமில்ல."

"ஐயோ அண்ணே! நான் எப்பச் சொன்னேன்?"

"இப்ப, லிஃப்ட்ல வரும்போது."

பெதானி அவனைப் பார்த்தாள். "டெஸ்மண்ட், நீ சொல்லு."

அவன் தலை தூக்கினான். "அம்மாவுக்கு ஓகேன்னா எனக்கும் ஓகே."

பெதானியின் கண் கலங்கித்தான் இருந்தது. குரல் கலங்கவில்லை.

"வேலைய விடமாட்டேன். பாறைன்னா எவ்வளவு வீக்கா இருந்தாலும் விழாம நிறுத்திடுவேன். உன்ன நிறுத்துற மெஷின் என்கிட்ட இல்ல."

எழுந்து, அம்மா கையிலிருந்த தட்டை வாங்கி அவன் முன்னால் நீட்டினாள். "குடிச்சிட்டுப் போ."

ரயில் நிலையத்தில் பிலோமினம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "நல்லவேளை, தப்பிச்சோம். பாசிர் ரிஸ் போற ரயில் வருதுண்ணே, வாங்க."

"இது தியோங் பாரு ஸ்டேஷன்கிட்ட பூமிக்குள்ள இறங்கிடுமே. நீ பொம்பளதானே?"

"அது கட்டி முடிச்சதுண்ணே!"

மகனை இழுத்துக்கொண்டு ஏறி, உட்கார இடமும் பிடித்துவிட்டாள்.

தங்கை சொன்ன சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தப் பெண் பீச்சுகிற சிமெண்டிலும் இன்னும் வரவில்லை. படியிறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.