முதிரைக் கதவு

அரை ஆயுளை அகதியாய்க் கழித்துவிட்டுக் குகதாசனும் மனைவி கனகாம்பிகையும் வலிகாமம் வடக்கிலிருந்த தங்கள் காணிக்குத் திரும்பியபோது, வீட்டில் சுவர்கள் மட்டுமே நின்றன. ஓடு, யன்னல், கதவு எல்லாவற்றையும் யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கூரையும் வாசல் நிலையும் கிடைத்தன. கதவு போடக் குகதாசன் சம்மதிக்கவில்லை. நிலையில் கதவுக்குப் பதிலாகத் தறப்பாள் சீலை தொங்கியது.

"எங்கடை கதவு எங்கேயோ ஒரு வீட்டில நிக்குது. நான் கண்டுபிடிப்பன்," என்பார்.

வீடு கனகாம்பிகையின் சீதனம். முன்வாசல் இரட்டைக் கதவை அவளுடைய தகப்பன் முதிரை மரத்தில் செய்வித்து, தாமரைப்பூ செதுக்குவித்திருந்தார். அதன் வலப்பக்கப் பலகையின் அடியில் ஒரு கருகல் இருந்தது. மகள் நிரோஜா சிறுமியாய் இருந்தபோது குப்பி விளக்கைச் சரித்து வைத்ததில் பட்ட நெருப்பு. நிரோஜாவை வன்னியில், கடைசிச் சண்டையில் பறிகொடுத்தார்கள். ஒரு படம்கூட மிஞ்சவில்லை. குகதாசன் உண்மையில் எதைத் தேடுகிறார் என்று கனகாம்பிகைக்குத் தெரியும். அதனால் தடுக்கவில்லை.

கரவெட்டியில் ஒரு செத்தவீட்டின் எட்டுச் செலவுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டில் அந்தக் கதவைக் கண்டார். முதிரை, தாமரைப்பூ, இரட்டைக் கதவு. வீட்டுக்காரி சிவகௌரி புருசனை இழந்தவள். கதவைப் புருசன் பழைய மரம் விற்கிறவனிடம் வாங்கியதாகச் சொன்னாள், தரமாட்டேன் என்றாள். அடுத்த கிழமை, அவள் தோட்ட வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரத்தில், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு போய்ப் பிணைச்சலைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பட்டப்பகலில்தான். கேட்டவர்களுக்கெல்லாம், "என்ரை கதவை நான் கொண்டுபோறன்," என்று சொல்லியும் வைத்தார்.

முற்றத்தில் கதவை இறக்கியதும் கனகாம்பிகை அதைத் தடவிப் பார்த்தாள். இதழ்கள் கூர்மையாய் இருந்தன. தகப்பன் செய்வித்தவை மழுங்கல். கைபட்ட உடனேயே தெரிந்துவிட்டது. குகதாசன் குந்தியிருந்து அடிப்பலகையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"கருகலைக் காணேல்லை. சீவிப்போட்டாங்கள் போல, என்ன?"

அவர் முகத்தை நிமிர்த்திச் சிரித்தார். வன்னியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அவள் கண்டதில்லை.

"ஓம்," என்றாள். "சீவியிருப்பினம்."

நிலைக்குப் பொருந்தவில்லை. அடியில் கொஞ்சம் அரிந்து பூட்டினார். பொலிஸ் வந்து கதவைக் கொண்டுபோகும்வரை, காலையில் எழுந்தால் முதல் வேலை கதவைத் திறப்பதுதான். திறந்துவிட்டு வாசலிலேயே நிற்பார். அவள் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒன்றும் கதைக்கமாட்டாள்.

களவு என்று வழக்குப் போட்டார்கள். குகதாசனின் சட்டத்தரணி லவீனா இளவயசுக்காரி. வழக்கன்று நீதிமன்ற விறாந்தையில் வைத்து அவர்களுக்கு விளங்கப்படுத்தினாள்.

"சுவரில பூட்டியிருக்குமட்டும் கதவு வீட்டோடை சேர்ந்தது, ஐயா. கழற்றின நேரத்திலயிருந்துதான் அதைக் களவெடுக்கலாம். மற்ற ஆளின்ரை வசத்தில இருக்கிற பொருளை அந்த ஆளின்ரை சம்மதமில்லாமல் எடுத்தால், தன்ரை பொருளெண்டாலும் சிலநேரம் களவாகும். ஆனால் எடுக்கிறவருக்கு நேர்மைகெட்ட எண்ணம் இருக்கவேணும். நீங்கள் உங்கடையெண்டு நம்பி எடுத்தனீங்கள். அம்மா சாட்சி சொன்னால் சரி."

கதவில் இலக்கத்துண்டு கட்டி நீதிமன்ற முற்றத்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள்.

சிவகௌரிதான் முதலில் சாட்சி சொன்னாள். சத்தம் போடவில்லை. நீதவானைப் பார்த்துச் சொன்னாள்:

"வேலையால வந்து பார்த்தால் வாசல் வெறுமையா கிடந்தது, ஐயா. சீலையைக் கட்டிவிட்டனான். பொம்பிளைப் பிள்ளையோடை கதவில்லாத வீட்டில எப்பிடிக் கண்ணை மூடுறது? பிள்ளையை என்ரை தமையன் வீட்டை அனுப்பிப்போட்டன். பள்ளிக்கூடம் தூரம். பரீட்சை எழுதாமல் விட்டிட்டுது."

தேத்தண்ணியோடு கனகாம்பிகை நின்ற காலைகளில் எல்லாம் அந்த வீட்டில் சீலை தொங்கியிருக்கிறது. இடைவேளையில் லவீனாவைத் தனியே கூப்பிட்டாள்.

"பிள்ளை, உது எங்கடை கதவில்லை."

லவீனா தூரத்தில் நின்ற குகதாசனைப் பார்த்தாள். "ஐயாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. எனக்குத்தான் தெரியும். கண்ட அண்டைக்கே தெரியும்."

"அப்பிடியெண்டாலும் ஐயா கள்ளனில்லை, அம்மா. பிழையா நம்பினாலும் நம்பிக்கைதானே."

"அப்ப நான்? நான் தெரிஞ்சுகொண்டு வீட்டில வைச்சிருந்தனான்."

"நீங்கள் எடுக்கேல்லை. களவே நடக்கேல்லையெண்டால் அது களவுப் பொருளுமில்லை. சட்டத்தில உங்களுக்குக் குற்றமில்லை."

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. அவளுக்குத்தான் ஆறவில்லை.

கனகாம்பிகை சாட்சிக்கூண்டில் ஏறியபோது குகதாசன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நீதவானுக்குச் சொன்னாள்: கதவு எங்களுடையதில்லை, அவர் எங்களுடையதென்றுதான் எடுத்தார், நான் அறிந்தும் வாய் திறக்கவில்லை. குகதாசன் குற்றவாளிக் கூட்டின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். அதன்பிறகு அவள் பக்கம் திரும்பவில்லை.

குற்றமில்லையென்று விடுவித்தார்கள். கதவைச் சிவகௌரியிடம் கொடுக்கச் சொல்லிக் கட்டளை வந்தது.

தானே பூட்டித் தருகிறேன் என்று குகதாசன் கேட்டதற்குச் சிவகௌரி மறுப்புச் சொல்லவில்லை. இருவரும் போனார்கள். அவர் பூட்டிவிட்டு அரிந்த அடிப்பக்கத்தில் ஒரு மரச்சட்டம் வைத்து அறைந்தார். மரத்தின் நிறம் சேரவில்லை; ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்திலேயே கைவைத்துக்கொண்டு நெடுநேரம் குந்தியிருந்தார்.

சிவகௌரி கனகாம்பிகையிடம் வந்தாள்.

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீங்கள்?"

"ஓம், பிள்ளை."

"ஏன்?"

மகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள் கனகாம்பிகை. சொன்னால் இந்தப் பெண் இரங்குவாள். அந்த இரக்கத்தை வாங்கத் தனக்கு உரித்தில்லையென்று பட்டது.

"பிழைதான்," என்று மட்டும் சொன்னாள்.

சிவகௌரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸுக்கு நின்றபோதுதான் குகதாசன் வாய் திறந்தார். "நான் கேக்கேக்கை இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் அண்டைக்குச் சிரிச்சியள்."

பஸ் வந்தது. இடமிருந்தும் அவள் பக்கத்தில் அவர் இருக்கவில்லை. முன்னுக்குப் போய் நின்றுகொண்டார்.

அந்தக் கிழமையே தகரத்தில் ஒரு கதவடித்துப் பூட்டினார். அதன்பிறகு எந்த ஊருக்கும் கதவு பார்க்கப் போகவில்லை. காற்றுக்குத் தகரம் அடிக்கும்போது, எழுந்துபோய்க் கொளுக்கியைப் போட்டுவிட்டு வந்து படுப்பது கனகாம்பிகைதான்.