கடைசி நாற்காலி

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு ஆராதனைக்குப் புதிதாக யார் வந்தாலும் எழுந்து நிற்கச் சொல்வோம். வரவேற்புப் பாட்டுப் பாடி, கைதட்டி, ஒரு வசன அட்டையைக் கையில் கொடுப்போம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட உட்கார வைத்துத்தான் பார்ப்பார்கள். நாங்கள் நிற்க வைத்துப் பார்ப்போம். இதற்கு அன்பு என்று பெயர்.

முகப்பேரில் டைல்ஸ் கடைக்கு மேல் மாடிதான் சபை. ஆராதனையை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறோம். பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்து கேமராவைப் பார்த்துக்கொள்வதும், சபை வாட்ஸ்அப்புக்கு வரும் செய்திகளுக்குப் பதில் எழுதுவதும் அருள்மொழி. பக்கத்து நாற்காலி என்னுடையது என்பதால் எனக்கும் எல்லாம் தெரியும்.

அப்படி எழுத ஆரம்பித்தவள்தான் மோகனப்பிரியா. கள்ளிக்குப்பத்து மருமகள். மாமனார் மணவாளன், அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றுவதை முன்னின்று நடத்துகிறவர். அம்மா செத்ததிலிருந்து இவளுக்குத் தூக்கம் இல்லை. போனில் எதையோ தேடப்போய் எங்கள் பாட்டு கிடைத்திருக்கிறது. துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடியில் நின்று கேட்பாளாம்.

"அக்கா, ஒரு வாட்டி வந்து சும்மா உக்காந்துட்டுப் போணும். ஊட்ல தெரியாது. கடைசில உக்காந்துக்கறேன். யாரும் இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்களே?"

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா. நீ பாட்டுக்கு வந்து உக்காரு" என்று அருள்மொழி எழுதினாள். மனதாரத்தான் எழுதினாள். ஆனால் சந்தோஷத்தை வயிற்றில் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. நேரலையெல்லாம் வெட்டி வேலை என்று மூப்பர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம் வேறு. பாஸ்டர் செல்வகுமாரிடம் போய், நேரலை பார்த்து ஒரு பெண் வருகிறாள் என்று பெயரோடு ஊரோடு சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை.

மோகனப்பிரியா வந்தாள். தையல்காரரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்ததால் கையில் ரவிக்கைத் துணிப் பை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முதல் பாட்டிலேயே அழுதாள். பார்த்த எனக்கே நிம்மதியாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "கள்ளிக்குப்பத்துலேர்ந்து சகோதரி மோகனப்பிரியா வந்திருக்காங்க! எந்திரிச்சு நில்லும்மா, எல்லாரும் பாக்கட்டும்!"

கேமரா திரும்பியது. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். அருள்மொழியை ஒரு பார்வை பார்த்தாள். நேரலையை நிறுத்த லேப்டாப்பில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். பாஸ்டர் பேசும்போது நிறுத்தி வழக்கமில்லை என்று அருள்மொழி சும்மா இருந்தாள். நாங்கள் பாடினோம். நானும் வெட்கம் கெட்டுப்போய்க் கைதட்டினேன்.

பாட்டு முடிவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். வசன அட்டை நாற்காலியிலேயே கிடந்தது.

சாயங்காலம் செய்தி வந்தது. "யாரோ வீடியோவ மாமாவுக்கு அனுப்பிட்டாங்கக்கா. ஒரு வார்த்த திட்டல. நான் போட்ட சோத்தத் தொடாம எந்திரிச்சிட்டாரு. ஊட்ல யார் மூஞ்சிலயும் முழிக்க முடில." அதற்கப்புறம் அந்த எண் சுவிட்ச் ஆஃப்.

அருள்மொழி வீடியோவை அழித்தாள். ஊரே பார்த்த பிறகு அழித்து என்ன? பாஸ்டரிடம் சொல்லி அழுதாள். "பாடு இல்லாம விசுவாசம் இல்லம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடு அவளுக்கு, பெருமை நமக்கா? ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. கைதட்டியவளுக்கு என்ன யோக்கியதை?

அடுத்த ஞாயிறு, பாட்டுக்கு நடுவில் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. அருள்மொழி போனை என் பக்கம் நகர்த்தினாள்.

"அக்கா, நான்தான் பிரியா. பக்கத்தூட்டு ஜமீலாக்கா போன்ல பாத்துனுகீறேன். நான் இங்கயே கடைசில உக்காந்துக்கறேன். இந்த வாட்டி யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அருள்மொழியின் கண் நிறைந்துவிட்டது.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். "ஆன்லைன்ல இன்னிக்கு யாராச்சும் புதுசா வந்திருக்காங்களா, அருள்மொழி?"

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கைதட்டத் தயாராகச் சிலர் கையைத் தூக்கிவிட்டார்கள்.

அருள்மொழி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாரும் இல்ல, பாஸ்டர்."