சாவுச் செய்தி சொல்லும் தேர்வு

2007. புதுச்சேரி நர்சிங் கல்லூரியில் பயிற்சிப் பொம்மை ஒன்று செத்துப்போனதாகப் பாவனை. அதன் மனைவியாக நடித்தாள் ஆசிரியை மரி-லோர். அழாமல், தொடாமல், தள்ளி நின்று மாணவிகள் செய்தியைச் சொல்ல வேண்டும். அது அவள் போட்ட விதி.

கட்டிப்பிடித்து அழுதே சாவைச் சொல்லும் மீனவ ஊரான வீராம்பட்டினத்துப் பூர்ணிமாவுக்கு அது எங்கே வரும்? "அண்ணன் போயிட்டாருக்கா!" என்று மரி-லோரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"விடுடீ! பொம்மைக்கு எவளாவது அழுவாளா?"

"பொம்மைக்கு இல்ல மேடம். நீங்க ஒண்டியா நிக்கிறீங்களே, அதான்."

மரி-லோரின் கணவர் ழான்-லூக் இறந்த அன்று டாக்டர் தள்ளி நின்றுதான் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டுத் தனியாகத்தான் வீடு திரும்பினாள்.

"தொட்டதுக்கு ரெண்டு மார்க் கட், அழுததுக்கு மூணு" என்று அதட்டினாள், பூர்ணிமாவின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே.